அண்ணன் கொண்டுவந்த மணிக்கூடு

கனடாவிலிருந்து வருகிறவர்கள் சொக்கிலேற்று கொண்டுவருவார்கள், சவர்க்காரம் கொண்டுவருவார்கள், தங்களுக்குப் பிடிக்காமல்போன சேட்டுகளைக் கொண்டுவந்து எங்களுக்கு அளவாக இருக்கும் என்று சாதிப்பார்கள். என் அண்ணன் இவற்றோடு ஒரு மணிக்கூடும் கொண்டுவந்தான். கறுப்புப் பெட்டி, சிவப்பு எழுத்தில் நேரம், ரேடியோவும் பாடும், சுவரில் செருகினால்தான் வேலை செய்யும். "அப்பா நேரம் பாக்கட்டும்" என்றான். அப்பா பாரிசவாதம் வந்து கட்டிலில் கிடந்தார். எந்த பஸ்ஸைப் பிடிக்க அவருக்கு நேரம் தெரிய வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. வெயிலைப் பற்றியும் நுளம்பைப் பற்றியும் அவன் அழுதுகொண்டிருந்தபடியால் விட்டுவிட்டேன்.

அது சமாதானம் என்று பெயர் சொல்லிக்கொண்டே சண்டை திரும்பத் தொடங்கிய காலம். எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில். அப்பாவின் அறை யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் அப்படியே தெரியும், அதில் நிற்கும் நேவிக் கப்பல்களும் தெரியும். இந்தக் காட்சிக்கு வெளிநாட்டுக்காரன் காசு கொடுப்பான் என்று அப்பா ஒரு காலத்தில் பெருமை அடித்தவர். சண்டை தொடங்கிய பிறகு அந்தக் கதையை எடுக்கவே மாட்டார். எங்கள் ஒழுங்கையில் கலியாண வீடோ சாமத்திய வீடோ, படம் எடுக்க வருகிறவன் வாசலில் நின்று முதலில் கேட்பது, "கடல் எந்தப் பக்கம்?" என்பதுதான். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கமராவைத் தூக்குவான். எங்கள் பகுதிக் கலியாண அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள், மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் மதில்தான் இருக்கும். இருபது வயதில் பிளேன் ஏறிய அண்ணனுக்கு இந்தப் பழக்கம் எங்கே தெரியப்போகிறது.

அப்பா துறைமுகக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்தவர். கோயில் சபையில் யாராவது "டேய்" என்றால்கூட எழும்பிப் போய்விடுவார். பாரிசவாதம் அவருடைய பேச்சை எல்லாம் வழித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தவை இரண்டே சொற்கள். ஒன்று "ஓம்". மற்றது தூஷணம். சின்னத் தூஷணமும் இல்லை, இறங்குதுறையில் மூட்டை தூக்குகிறவர்கள் கோபம் வந்தால் சொல்கிற சொல். நல்ல கதையெல்லாம் மூளையில் ஒரு பக்கத்திலும் தூஷணம் வேறு பக்கத்திலும் இருக்குமாம், அப்பாவுக்குத் தூஷணப் பக்கம் தப்பிவிட்டதாம் என்று டொக்டர் விளக்கம் சொன்னார். அந்தப் பக்கத்துக்குள் இது எப்போது போய் இருந்தது என்று அம்மா உயிரோடு இருந்திருந்தால் விசாரித்திருப்பா.

குளிப்பாட்ட நான் துவாயோடு போனால் அப்பா அந்த இரண்டாவது சொல்லைத்தான் எடுப்பார். நல்ல கையால் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பெற்ற மகளிடம் உடம்பைக் காட்ட அவருக்கு மனம் இல்லை. சம்பளத்துக்கு வந்த பொம்பிளைகளோ அந்தச் சொல்லைக் கேட்ட கையோடு பையைத் தூக்கினார்கள். ஒருத்தி அழுதுகொண்டு போனாள். ஊத்தையோடு கிடந்து அப்பாவின் முதுகு புண்ணாகத் தொடங்கியது. நான் கந்தோருக்கும் போக வேண்டும், அப்பாவோடும் மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு விசர் பிடிக்காதது அதிசயம்.

அப்போதுதான் ஓர் அக்கா வேலைக்கு வந்தார். இயக்கத்தின் கையிலிருந்த வெருகல் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் இடம்பெயர்ந்து, சல்லியில் தெரிந்த ஆட்களின் வீட்டில் ஒதுங்கியிருந்தவர். நாங்கள் வெருகல் அக்கா என்போம். முதல் நாளே அப்பா தன் வரவேற்பைச் சொன்னார். அக்கா சிரித்தார். "ஐயாவுக்கு வாய் நல்ல சுகமாத்தான் இருக்கு. உடம்பையும் அப்பிடி ஆக்குவம்" என்று சொல்லி, சுடுதண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினார். உள்ளே கொஞ்ச நேரம் அந்தச் சொல் கேட்டது. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவு திறந்தபோது அப்பா தலை சீவி, பவுடர் பூசி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். முதுகுப் புண் ஆறியது. அக்கா இல்லையென்றால் அப்பா இல்லை. எனக்கு இது அன்றைக்கே விளங்கிவிட்டது.

அண்ணனுக்கு விளங்கவில்லை. போன் எடுக்கிற நேரமெல்லாம் பின்னால் அப்பா ஏசுவது கேட்கும். அவள் அடிக்கிறாள், அதுதான் மனுசன் கத்துகிறார் என்று முடிவு கட்டிவிட்டான். லீவில் வந்து நின்றபோது அப்பாவின் கையில் நீலமாகக் கண்டியிருந்ததைப் பார்த்தான். இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் குளிசையால் அப்படி வரும் என்று டொக்டரே சொன்னது என்றேன். "உனக்கு ஒண்டும் தெரியாது, நீ அவளை நம்பி மோசம் போறாய்" என்றான். பிறகு அந்தக் கண்டறியாத மணிக்கூட்டைத் தானே அலுமாரியின் மேல் தூக்கி வைத்து, அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, கட்டிலை நேரே பார்க்கிற மாதிரி வைத்தான். கட்டிலின் தலைமாட்டில்தான் அந்தக் கடல் யன்னல்.

அவன் போன பிறகு மணிக்கூடு எங்களுக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டில் நின்று மினுங்கும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? "தங்கச்சி, உங்கட அண்ணற்ற மணிக்கூட்டுக்கு எப்ப பாத்தாலும் மத்தியானம்" என்று அக்கா பகிடி பண்ணுவார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணன் போன் எடுத்தான். குரலில் சீஐடிக்காரனின் மிடுக்கு.

"அவள் பிஸ்கட் தின்னுறாள்" என்றான்.

"ஆர்?"

"உன்ர வெருகல் அக்கா. அப்பான்ர பிஸ்கட்டைக் கடிச்சுப்போட்டு மிச்சத்தைத்தான் அவருக்குக் குடுக்கிறாள். நான் கண்ணால பாத்தனான்."

கனடாவில் இருந்துகொண்டு பிஸ்கட்டை எப்படிப் பார்த்தான் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னான். மணிக்கூட்டுக்குள் கமரா. சின்னக் கார்டு ஒன்றில் படம் பதியுமாம். அவன் நின்ற நாட்களில் பதிந்த கார்டைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே பார்த்திருக்கிறான். இப்போது உள்ளே இருக்கும் கார்டை நான் கழற்றி, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டுமாம். பிஸ்கட்டின் ஓரம் தொண்டையில் சிக்கும் என்றுதான் அக்கா அதைக் கடித்து எடுக்கிறார் என்று நான் சொன்னது அவன் காதில் விழவே இல்லை.

"அடிச்சதைக் கண்டனியோ?" என்றேன்.

"இல்லை. ஆனா..."

"அண்ணா, அந்த மனுசி அதே அறையிலதான் பாயைப் போட்டுப் படுக்கிறா. உடுப்பு மாத்துறதும் அங்கதான்."

"சீச்சீ, அந்த இடம் வரேக்க நான் ஓட்டி விட்டனான்."

ஓட்டி விடுவதென்றால் அது என்ன இடம் என்று முதலில் பார்த்திருக்க வேண்டுமே! எனக்கு உச்சந்தலையில் ஏறியது. போனை அடித்து வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடக்கில் இருக்கும் அப்புக்காத்தர் வீட்டுக்கு நடந்தேன். இது சட்டத்துக்குச் சரியா என்று கேட்டு, சரியில்லை என்ற பதிலை வாங்கி அண்ணனின் மூஞ்சியில் எறிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அப்புக்காத்தர் வீட்டு விறாந்தையில் எப்போதும் சனம் இருக்கும். பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் தாய்மார், போட்டோக்களை மடியில் வைத்துக்கொண்டு. அவர்களுக்கு நடுவில் மணிக்கூட்டுக் கதையோடு போய்க் குந்தியிருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டதும் மனுசனுக்கு முகம் மலர்ந்தது. ஆளைத் தேடாத வழக்கு ஒன்று வந்து எவ்வளவு காலமோ.

"வீடு ஆற்ற பேரில பிள்ளை?"

"அப்பான்ர பேரில."

"அவரிட்டக் கேட்டவையோ?"

"இல்லை சேர். வேலைக்கு வந்த ஆளைத்தானே பாக்கிறது எண்டு அண்ணா சொல்லுறார்."

"வேலைக்கு வந்த ஆள் சுவரையோ குளிப்பாட்டுறா? கொப்பரைத்தானே குளிப்பாட்டுறா. அப்ப உடுப்பில்லாமல் படத்தில இருக்கிறது ஆர்?"

அக்காவுக்காக அவ்வளவு கொதித்துக்கொண்டு வந்த எனக்கே இது உறைக்கவில்லை. அண்ணன் தன்னைப் பெற்ற தகப்பனை அம்மணமாகப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டைப் பற்றி முறைப்பாடு சொல்லியிருக்கிறான்.

"அவருக்குப் புத்தி தெளிவோ?" என்றார் அப்புக்காத்தர்.

"தெளிவுதான் சேர். சொல்தான் இல்லை. ஓம் எண்டுவார். மற்றது... உங்களுக்கு முன்னால சொல்ல ஏலாது."

"அது போதும். மறுப்புச் சொல்ல அதைவிடத் தெளிவான சொல் சட்டப் புத்தகத்திலயும் இல்லை."

பிறகு கதிரையில் சாய்ந்து ஆறுதலாக விளக்கினார். வேலை செய்கிறவரைக் கவனிப்பது குற்றமில்லை. இந்த அறையில் கமரா இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லி, அவரும் ஓம் என்றால் வைக்கலாம். அதுவும் வேலையைப் பார்க்கத்தான். படுக்கிற இடத்திலும் உடுப்பு மாற்றுகிற இடத்திலும் ஒளித்து வைத்தால் அது பொம்பிளையின் மானத்தில் கைவைத்த குற்றம், அதற்குக் குற்றச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. "சரி, களவு பிடிச்சிட்டியள் எண்டே வைப்பம். அந்தப் படத்தைக் கோட்டில காட்டினால் மற்றப் பக்கத்து லோயர் என்ன கேப்பான்? இது எப்பிடி எடுத்தனீங்கள் எண்டுதான் கேப்பான். பிஸ்கட் வழக்கு பிறகு, உங்கட வழக்கு முதல்." கனடாவுக்குப் போன கார்டை என்ன செய்யலாம் என்று கேட்டேன். அங்கே தன் கை நீளாது என்றார்.

நான் எழும்பப் பார்த்தேன். ஏதோ யோசித்தவர் மாதிரி, "கட்டில் எங்க கிடக்கு?" என்றார்.

"யன்னலோட, சேர்."

"எந்த யன்னல்?"

அவர் ஓர்ஸ் ஹில்லிலேயே பிறந்து வளர்ந்தவர், நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பகிடி எல்லாம் முகத்தை விட்டுப் போய்விட்டது.

"இவ்வளவு நேரமும் நான் அலட்டின சட்டத்தை மறவுங்கோ பிள்ளை. துறைமுகத்தைப் பாத்தபடி ஒளிச்சு வைச்ச கமரா. இதுக்கு வேற சட்டம். ஆர் வைச்சது, ஏன் வைச்சது எண்டெல்லாம் அவங்கள் நிண்டு கேக்க மாட்டாங்கள். கொண்ணர் கனடாவில. கொப்பரைத் தூக்க ஸ்ட்ரெச்சர் வேணும். உங்களுக்குக் கந்தோர் இருக்கு, பேசுறதுக்கு நாலு பேர் இருக்கு. வெருகல் ஐடென்டிக் காட்டோட அந்த அறையிலயே படுக்கிறது ஆர்? அவவைத்தான் கொண்டு போவாங்கள். உந்த விறாந்தையில இருக்கிற சனத்தைப் பாத்தியள்தானே. அவவைத் தேடி இஞ்ச வந்து குந்தியிருக்க ஆரும் இருக்கினமோ?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. குடையை விரிக்கவே இல்லை. வெருகல் அக்கா குசினியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் நேரே அப்பாவிடம் போனேன். முதலில் பிளக்கைப் பிடுங்குவோம் என்றுதான் நினைத்தேன், ஆனால் கேட்காமல் வைத்ததைக் கேட்காமல் எடுக்கவும் மனம் வரவில்லை.

"அப்பா, இந்த மணிக்கூட்டுக்குள்ள கமரா இருக்கு. அண்ணாதான் வைச்சவன். நீங்கள் குளிக்கிறது, கழுவிறது எல்லாத்தையும் கனடாவில இருந்து பாத்திருக்கிறான். இது இருக்கலாமோ?"

அப்பா அலுமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல பக்கத்துக் கன்னம் துடித்தது. அந்தச் சொல்லை அவர் எத்தனையோ தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எல்லாம் வாய் தவறி விழுந்தவை. இந்த முறை அதை எண்ணி, நிறுத்தி, பெற்ற மகனுக்கென்றே சொன்னார். பிறகு அழுதார். நானும் அழுதுகொண்டே பிளக்கைப் பிடுங்கினேன்.

மணிக்கூட்டை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒழுங்கை நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குலைக்கின்றன. சுற்றிவளைப்பு. பக்கத்து வீட்டுப் படலை திறக்கிற சத்தம், சப்பாத்துச் சத்தம். எனக்குச் சீவன் போய்விட்டது. அலுமாரிக்குள் வைப்பதா, மெத்தைக்குக் கீழே வைப்பதா, கிணற்றில் போடுவதா? எங்கள் படலையும் திறந்தது.

அக்கா மூத்திரச் சட்டியை எடுக்க உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. மணிக்கூட்டை என் கையிலிருந்து வாங்கிச் சட்டிக்குள் வைத்தார். அப்பா அன்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அதற்குள் இருந்தது. வயரைச் சுருட்டி உள்ளே தள்ளி, மூடியைப் போட்டு, மேலே அழுக்குத் துணி ஒன்றையும் விரித்தார்.

நேவிக்காரர் உள்ளே வந்துவிட்டார்கள். சின்னப் பெடியள்தான். ஒருவன் அடையாள அட்டை கேட்டான். அக்கா ஒரு கையில் சட்டியோடு, மற்றக் கையால் நெஞ்சுக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவன் வெருகல் என்று இருந்த இடத்தில் நெடுநேரம் நின்றான். அக்காவையும் பார்த்தான், யன்னலையும் பார்த்தான். பொலிசில் அவரைப் பதிந்த துண்டை நான் நீட்டினேன். அப்பா கட்டிலிலிருந்து தன் சொல்லைச் சொன்னார், அவனுக்குத் தமிழ் தெரியாதது எங்கள் அதிர்ஷ்டம். அவன் சட்டியைக் காட்டி "மேக்க மொக்கத?" என்று சிங்களத்தில் கேட்டான், இது என்ன என்று. அக்கா மூடியைக் கொஞ்சம் தூக்கி அவன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவன் ஒரு துள்ளலில் பின்னுக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையால் காட்டினான். மற்றவர்களும் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். அவர்களுக்கு நடுவால் அக்கா கக்கூஸுக்கு நடந்து போனார். அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், போய்விட்டார்கள்.

நான் குசினி வாசலில் இருந்து சிரித்தேன். பயம் விட்ட சிரிப்பு, நிற்கவே மாட்டேன் என்றது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். "கண்டறியாத மணிக்கூடு, கடைசியில அதுக்கு வந்த கதியைப் பாருங்கோ" என்றார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். "சரி, இப்ப சொல்லுங்கோ தங்கச்சி. உதுக்குள்ள என்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். என்ன ஏது என்று கேட்காமல் தன் உயிரைச் சட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போன மனுசியைப் பேய்க்காட்ட எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட்டையும் சொன்னேன். அதற்குச் சிரித்தார். அறையில் உடுப்பு மாற்றியதும் படத்தில் இருக்கிறது, அந்தக் கார்டு கனடாவில் இருக்கிறது என்றபோது சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார், அந்த வெக்கையில்.

"சல்லிக்குப் போய் வாற வழியில சென்றியில ஒருத்தி என்னைத் தடவிச் சோதிக்கிறவள் தங்கச்சி. அவள் எண்டாலும் எனக்கு முன்னால நிண்டு, கையைத் தூக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் தொடுறவள்."

எழும்பிப் போய் அப்பாவுக்குக் கஞ்சி பருக்கினார், பின்னேரம் உடம்பு துடைத்து உடுப்பு மாற்றினார், முதுகைத் திருப்பிப் பவுடர் போட்டார். அப்பா ஒரு சத்தமும் போடவில்லை. அடுத்த நாள் காலை அக்கா பையோடு வந்து நின்றார். நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அண்ணனைக் கொண்டு மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்றேன். "உங்களில எனக்குக் கோவமில்லை. அந்த அறைக்குள்ள போனால் எனக்கு இப்ப உடம்பு கூசுது. என்ன செய்ய?" என்றார். பிறகு அப்பாவின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அண்ணனுக்கு நான்தான் போன் எடுத்தேன். அக்கா போய்விட்டார் என்றேன்.

"பாத்தியோ? ஏதோ களவு இருந்தபடியாத்தான் ஓடிட்டாள். நான் சொன்னனானெல்லே. சரி, வேற ஆளைப் பிடி. இதைவிட நல்ல கமரா ஒண்டு வந்திருக்கு, அனுப்பிவிடுறன்."

"அனுப்பு" என்றேன். "வேற ஆள் இல்லை. இனி அப்பாவை நான்தான் குளிப்பாட்டப் போறன். பாயை அந்த அறையிலதான் போடப் போறன், உடுப்பு மாத்துறதும் அங்கதான். வடிவாத் தெரியிற கமராவாப் பாத்து அனுப்பு. அந்த இடம் வரேக்க நீ ஓட்டி விடு."

"சீ! என்னடி கதைக்கிறாய்? வெக்கமில்லையே உனக்கு? நான் உன்ர அண்ணன்!"

அவ்வளவு தூரத்திலிருந்தும் அவனுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டு அப்பாவுக்குத் தண்ணீர் சுட வைக்கப் போனேன்.